பின்னட்டையிலிருந்து படித்தவன்

பெண் எழுதிய புத்தகம் கைக்கு வந்தால் முதலில் பின்னட்டையைத் திருப்புவேன். எந்த ஊர், என்ன படிப்பு, கணவர் என்ன வேலையில் இருக்கிறார், கல்யாணம் ஆனவரா, ஆகாதவரா என்று பார்ப்பேன். படம் போட்டிருந்தால் அந்த முகத்தையும் கொஞ்ச நேரம் பார்ப்பேன். அதன் பிறகுதான் முதல் பக்கம். ஆண் எழுதிய புத்தகத்துக்கு இந்தச் சோதனை எதுவும் கிடையாது. நேராகக் கதைக்குள் இறங்கிவிடுவேன்.

ஆண்டிமடம் வட்டாரத்தில் தமிழாசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். புத்தகம் படிக்கிற மனிதன் என்று இந்தப் பக்கத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. பெண்களை மதித்துப் பேசுகிறவன் என்றும் சொல்வார்கள். இரண்டையும் வைத்துக்கொண்டு நான் செய்த ஒரு தவறை எழுதுகிறேன். பெண்கள் எழுதிய கதைகளைக் காவல் நிலையத்தில் புகார் மனுவைப் படிப்பதுபோலப் படித்தேன். நடந்தது என்ன, யாருக்கு நடந்தது, செய்தவன் யார் என்று மட்டும் தேடினேன். அப்படிப் படித்ததோடு நிற்காமல் அப்படிப் படிக்கவே மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன். அதனால் ஒரு பெண் எழுதுவதையே விட்டுவிட்டாள். அதைப் பின்னால் சொல்கிறேன். இந்தப் பழக்கம் எனக்குள் எவ்வளவு ஆழமாக வேர்பிடித்திருந்தது என்பதை முதலில் சொன்னால்தான் நான் செய்தது ஏதோ ஒரு நாள் தவறிப்போனதல்ல என்பது விளங்கும்.

மாதத்தில் ஒரு ஞாயிறு நண்பர்கள் சிலர் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடிப் புத்தகம் பேசுவோம். ஆசிரியர்கள், ஒரு தபால்காரர், முந்திரி வியாபாரி ஒருவர், கல்லூரிப் பிள்ளைகள் சிலர் வருவார்கள். ஆர். சூடாமணி 2010இல் மறைந்த பிறகு அவரைப் பற்றி நான்தான் பேசினேன். 1931இல் சென்னையில் பிறந்தவர், சிறுவயது நோயால் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படித்தவர், கடைசிவரை மணம் செய்துகொள்ளாதவர், தன் சொத்தை அறநிலையங்களுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனவர். இதையெல்லாம் உருக்கமாகச் சொன்னேன். வீட்டுக்குள்ளேயே வாழ்ந்ததால்தான் எழுத்தில் அவ்வளவு மென்மை என்று முடித்தேன். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட கதைகள் எழுதிய ஒருவரைப் பற்றி ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பேசியிருக்கிறேன். ஒரு கதையைக்கூட எடுத்து அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லவில்லை.

அவருடைய ‘நான்காம் ஆசிரமம்’ கதையை அப்போதே படித்திருந்தேன். மூன்று முறை மணந்த ஒரு பெண், அதற்குப் பிறகு யாருடைய மனைவியாகவும் இல்லாமல் தனக்கென்று இருக்கும் ஒரு நிலையைத் தேடுவதைச் சொல்லும் கதை. மணமே செய்துகொள்ளாத, வீட்டைவிட்டு அதிகம் வெளியே போகாத ஒருவர் எழுதியது அது. பின்னட்டையிலிருந்து கதைக்குப் போகிற என் வழி அங்கேயே முட்டுச்சந்தில் நின்றிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? என் விளக்கத்துக்கு ஒத்துவரவில்லை என்பதால் அந்தக் கதையைப் பேச்சிலிருந்தே விட்டுவிட்டேன்.

ராஜம் கிருஷ்ணன் விஷயத்தில் செய்தது இதைவிட மோசம். திருச்சிப் பக்கம் முசிறியில் 1925இல் பிறந்தவர், 15 வயதில் திருமணமானவர், கணவர் மின்துறைப் பொறியாளர். நீலகிரியில் வாழ்ந்தபோது படகர்களின் வாழ்க்கையை வைத்துக் ‘குறிஞ்சித் தேன்’ எழுதினார். இதை வகுப்பில் சொல்லும்போது, கணவருக்கு மாற்றல் வந்தது, நாவலும் வந்தது என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே ஒவ்வோர் ஆண்டும் அதைச் சொன்னேன். தூத்துக்குடி உப்பளத்துக்கு எந்த மாற்றலும் அவரைக் கொண்டுபோகவில்லை. அவராகத்தான் போனார். பாத்தியில் நிற்கும் பெண்களின் காலையும் கண்ணையும் உப்பு என்ன செய்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்தார், பேசினார், திரும்பி வந்து ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். கடற்கரை மீனவர்களுக்காக ‘அலைவாய்க் கரையில்’, தஞ்சை வயல்வெளிக் கூலிகளுக்காக ‘சேற்றில் மனிதர்கள்’, சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்களுக்காகக் ‘கூட்டுக் குஞ்சுகள்’. கொள்ளைக்காரர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று சம்பல் பள்ளத்தாக்கு வரைக்கும் போனவர் அவர். அந்தக் காலத்தில் ஒரு நாவலுக்காக இவ்வளவு ஊர் சுற்றிய ஆண் எழுத்தாளர் ஒருவரை என்னால் சட்டென்று சொல்ல முடியவில்லை. ‘வேருக்கு நீர்’ நாவலுக்காக 1973இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றார். தமிழில் அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

2014 அக்டோபரில் அவர் இறந்தபோது எங்கள் திண்ணையில் நான் பேசியது எதை? அவருடைய முதுமையை. கணவர் போன பிறகு ஆதரவில்லாமல் முதியோர் இல்லத்தில் சேர்ந்ததையும், மருத்துவமனைக் கட்டிலில் கழிந்த கடைசி ஆண்டுகளையும், 2009இலேயே அரசு அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கியதையும் பேசினேன். எல்லாம் உண்மை. எல்லாமே சொல்ல வேண்டியதும்கூட. ஆனால் அன்றைக்குக் கூட்டம் முடிந்து எழுந்தவர்களிடம் ஒரு கிழவியின் துயரம் இருந்தது, ஒரு நாவலாசிரியர் இல்லை. ‘கரிப்பு மணிகள்’ கிடைக்குமா என்று ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை. கேட்கும்படி நான் பேசவில்லை.

இதே காலத்தில் ஆண்களை எப்படிப் படித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இங்கிருந்து பஸ் ஏறினால் விருத்தாசலம். இமையம் அந்தப் பக்கத்துக்காரர். அவருடைய ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தது. ஊர்ச் சோற்றை எடுத்துப் பிழைக்கும் புதிரை வண்ணார் குடும்பத்துப் பெண் ஆரோக்கியத்தின் வாழ்க்கை அது. படித்துவிட்டு நான் வியந்து வியந்து சொன்னது, ‘என்ன கவனிப்பு, ஒரு பெண்ணோட மனசுக்குள்ள எப்படிப் போயிருக்காரு பாருங்க’ என்பதைத்தான். அந்தப் பாராட்டில் குறையில்லை, அவருக்கு அது தகும். அதே விருத்தாசலத்தில் வாழும் சு. தமிழ்ச்செல்வி உப்பளத்தைப் பற்றி ‘அளம்’ எழுதினார். ஆட்டுக் கிடையோடு ஊர் ஊராகப் போகிறவர்களைப் பற்றிக் ‘கீதாரி’ எழுதினார். அவற்றைப் படித்துவிட்டு நான் கேட்டது, ‘இந்தம்மா சொந்த ஊரு வேதாரண்யம் பக்கமில்ல? அதான்’ என்று. அந்த ‘அதான்’ என்ற சொல்லில் அவருடைய உழைப்பு முழுவதையும் துடைத்துப் போட்டுவிட்டேன். அந்த ஊரில் பிறந்தவர்கள் ஆயிரம்பேர் இருக்க, எழுதியவர் ஒருவர்தான் என்ற யோசனை வரவே இல்லை.

எங்கள் மண்ணிலேயே எனக்கு ஒரு பெரிய பாடம் காத்திருந்தது. ப. சிவகாமி பெரம்பலூர்க்காரர், 1957இல் பிறந்தவர், ஆட்சிப்பணிக்குப் போனவர். அவருடைய ‘பழையன கழிதலும்’ 1989இல் வந்தபோது பெரம்பலூரும் ஆண்டிமடமும் திருச்சி மாவட்டத்துக்குள்தான் இருந்தன. நம்ம பக்கத்துப் பெண் நாவல் எழுதியிருக்கிறார் என்று தேடி வாங்கினேன். அதில் காத்தமுத்து என்று ஒரு தலித் தலைவர் வருகிறார். இரண்டு மனைவிகள், வீடு நிறைய அதிகாரம், வெளியே போராட்டம். அவரிடம் தங்கம் என்ற விதவை, நிலக்காரன் வீட்டார் அடித்துவிட்டார்கள் என்று வந்து விழுகிறாள். அவளுடைய மனுவைக் காத்தமுத்து தன் கணக்குக்கு ஏற்ப மாற்றி எழுதவைக்கிறார். ஒரு பெண்ணின் காயம் மனுவாகும்போது என்னவாக மாறுகிறது, அந்த மனுவால் யாருக்கு என்ன லாபம் என்று இவ்வளவு நுணுக்கமாகக் காட்டிய இடத்தை நான் தமிழ் நாவலில் அதற்கு முன் படித்ததில்லை. இதை இப்போது சொல்கிறேன். அன்றைக்கு நான் செய்தது, காத்தமுத்து யார் என்று தேடியதுதான். எந்த ஊர்த் தலைவர், நாவலில் வரும் அவர் மகள் கௌரி சிவகாமியேதானா என்று பெரம்பலூர் போகும்போதெல்லாம் டீக்கடையிலும் பஸ்ஸிலும் துருவித் துருவிக் கேட்டேன். கேட்டவர்களும் ஆர்வமாகச் சொன்னார்கள். ஆளுக்கு ஒரு பெயர்.

நான் மட்டுமல்ல, பலரும் அந்த நாவலை அப்படித்தான் படித்திருக்க வேண்டும். சில ஆண்டுகள் கழித்து சிவகாமி ‘ஆசிரியர் குறிப்பு’ என்று ஒரு தொடர்ச்சி எழுதினார். நாவலை எழுதியவளே பாத்திரமாக உள்ளே வந்து, தான் எழுதியதைத் தானே நிறுத்திக் கேள்வி கேட்கிறாள். எதை எடுத்தேன், எதை விட்டேன், ஏன் அப்படிக் காட்டினேன் என்று தன் கணக்கைத் தானே பார்க்கிறாள். எழுதுகிறவள் எழுதியதற்கும் நடந்ததற்கும் நடுவில் என்னென்ன வேலை செய்கிறாள் என்பதைத் திறந்து வைத்த புத்தகம் அது. அதையும் வாங்கினேன். அதிலாவது காத்தமுத்து யார் என்று சொல்லியிருப்பார் என்ற எதிர்பார்ப்பில்.

கிருத்திகாவின் ‘வாசவேச்வரம்’ எந்த ஊர் என்று வரைபடத்தில் தேடியவன் நான். அது அவர் கட்டிய கற்பனை ஊர். வேற்று மொழியில் எழுதிய பெண்ணையும் இப்படித்தான் படித்தேன். அமெரிக்காவில் டோனி மாரிசன் பதிப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்துக்கொண்டே எழுதியவர். அவருடைய ‘பிலவ்ட்’ 1987இல் வந்தது. அடிமைத்தனத்துக்குத் திரும்ப விடக்கூடாது என்று பெற்ற குழந்தையைக் கொல்லும் தாயின் கதை. அதன் விதை, மார்கரெட் கார்னர் என்ற அடிமைப் பெண்ணைப் பற்றி 1856இல் வந்த செய்தி. நூறாண்டுக்கு மேல் பழைய பத்திரிகைத் துணுக்கு ஒன்று நாவலாகியிருக்கிறது. அந்த நாவலைத் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் படித்தபோதுகூட, இவர் கணவரைப் பிரிந்தவர் என்ற தகவலைத்தான் நோட்டில் முதலில் குறித்துக்கொண்டேன்.

இனி அந்தப் பெண்ணைப் பற்றி.

2000ஐ ஒட்டிய ஆண்டுகள். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் பங்குனி, சித்திரை வந்தால் முந்திரிக்கொல்லையில் கொட்டை பொறுக்குவதும், பிறகு வீட்டுக்கு வீடு வறுத்து உடைப்பதும் தெரிந்ததுதானே. அவள் வீட்டிலும் அதுதான் பிழைப்பு. ஒரு நாள் கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, ‘ஒரு கதை எழுதியிருக்கேன் சார், படிச்சுப் பாருங்க’ என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். அதற்கு முந்தின மாதம்தான் ஒரு பையன் கொலைக் கதை ஒன்று எழுதி வந்திருந்தான். கற்பனை வளம் என்று பாராட்டி மாவட்டப் போட்டிக்கு அனுப்பியிருந்தேன். அதைப் பார்த்துத்தான் இவளுக்கும் துணிச்சல் வந்திருக்க வேண்டும்.

கதையில் வருகிறவள் கொட்டை உடைக்கும் ஒரு நடுவயதுப் பெண். படிக்காதவள், கைநாட்டு. கொல்லையில் அவளுக்கும் பங்கு உண்டு. அதை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் ரேகை வைக்கச் சொல்லி அண்ணன் நச்சரிக்கிறான். அவள் மறுத்துப் பேசுவதில்லை, சரி என்கிறாள். மறுநாள் எல்லாரும் பதிவு அலுவலகம் போக வேண்டும். முதல் நாள் கொட்டை உடைக்கும்போது எல்லாரும் கையில் சாம்பல் பூசிக்கொள்கிறார்கள், கொட்டைப்பால் பட்டால் தோல் வெந்துவிடும் என்பதால். அவள் நான்கு விரலுக்குப் பூசுகிறாள். இடது கைக் கட்டைவிரலுக்குப் பூசாமல் விட்டுவிடுகிறாள். அலுவலகத்தில் எழுத்தர் அந்த விரலை மைத்திண்டில் வைத்து அழுத்திக் காகிதத்தில் உருட்டுகிறார். கறுப்புத் திட்டுதான் விழுகிறது, ரேகை இல்லை. துணியால் துடைத்து மறுபடி உருட்டுகிறார். மறுபடியும் திட்டு. அண்ணன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவள் ஒன்றும் தெரியாதவள்போல, ‘இன்னொருக்கா அழுத்துங்கய்யா’ என்கிறாள். அங்கே கதை முடிந்துவிடுகிறது.

பதினேழு வயதுப் பெண் எழுதியது. ஏன் பூசாமல் விட்டாள் என்று ஒரு வரி விளக்கம் கிடையாது. அண்ணனைத் திட்டி ஒரு வார்த்தை கிடையாது. இன்றைக்கு இதை எழுதும்போது எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. அன்றைக்கும் நன்றாகத்தான் இருந்தது என்பது எனக்குத் தெரியும். ஆனால் நோட்டை மூடியதும் என் மனம் போன இடம் வேறு. அவளுக்கு ஓர் அத்தை உண்டு, இவர்கள் வீட்டோடு இருப்பவர். நில விவகாரம் ஏதோ ஓடுவதாக ஊரில் காதில் விழுந்திருந்தது.

மறுநாள் ஆசிரியர் அறைக்கு அவளைக் கூப்பிட்டேன். மற்ற ஆசிரியர்கள் இருந்தார்கள். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்: ‘இது உங்க அத்த கதையாம்மா?’

அவள் முகம் அப்படியே மாறிவிட்டது. ‘இல்ல சார்’ என்றாள். நான் விடவில்லை. பரிவாகக் கேட்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன். அப்பா அத்தையைத் தொந்தரவு செய்கிறாரா, வீட்டில் சண்டையா, சொல்லும்மா, பயப்படாதே என்று அடுக்கினேன். அவள் கதையைப் பற்றிக் கேட்கக் காத்திருந்தாள். நான் குடும்பத்தை விசாரித்துக்கொண்டிருந்தேன்.

அதோடு விட்டிருந்தாலும் போகட்டும். இரண்டு நாள் கழித்துக் கடைவீதியில் அவள் அப்பாவைப் பார்த்தேன். அறிமுகமானவர்தான். நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில், ‘உங்க பொண்ணு அத்தை மேல ரொம்பப் பிரியமா இருக்கா போல, கதையெல்லாம் எழுதியிருக்கா, பார்த்து நடந்துக்கங்க’ என்று சொல்லிவைத்தேன். அவர் மறுநாளே சைக்கிளில் பள்ளிக்கு வந்துவிட்டார். என்ன எழுதினாள், யாரைப் பற்றி எழுதினாள், காட்டுங்கள் என்றார். அவளையும் வரவழைத்தார்கள்.

அப்போது அவள் சொன்னாள்: ‘நான் எழுதல சார். ஒரு பத்திரிகைல வந்துச்சு. அதப் பாத்து எழுதுனேன்.’

அவள் அப்பாவின் முகம் தளர்ந்தது. என் முகமும்தான். ‘அட, காப்பி அடிச்சதா’ என்று யாரோ சொன்னார்கள். எல்லாருக்கும் ஒரு சுமை இறங்கிய மாதிரி ஆகிவிட்டது. அடுத்த வாரம் வகுப்பில், பெயர் சொல்லாமல், பிறர் எழுதியதைத் தன்னுடையது என்று கொடுப்பது திருட்டு என்று பத்து நிமிடம் பேசினேன். அவள் முன் பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். வகுப்பு முழுவதற்கும் யாரைச் சொல்கிறேன் என்று தெரியும்.

எந்தப் பத்திரிகைக்காரனுக்குத் தெரியும், நான்கு விரலுக்குச் சாம்பல் பூசி ஒரு விரலை விட்டுவிடுவது? கொட்டைப்பால் ரேகையைத் தின்றுவிடும் என்பது உடைக்கிறவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும்தான் தெரியும். அவள் பொய் சொல்கிறாள் என்று அவள் வாயைத் திறந்தபோதே எனக்குத் தெரியும். ஏன் சொல்கிறாள் என்பதும் தெரியும். நான் எழுதினேன் என்றால் அது அத்தை கதை ஆகிவிடும், அப்பா மேல் குற்றம் ஆகிவிடும். நான் எழுதவில்லை என்றால் எல்லாரும் தப்பித்தோம். தான் செய்த ஒரே நல்ல காரியத்தைக் கைவிட்டுத்தான் அவளால் அந்த அறையைவிட்டு வெளியேற முடிந்தது. அந்த நிலைமைக்கு அவளைக் கொண்டுவந்து நிறுத்தியவன் நான். அதன் பிறகும் அந்தப் பொய் எனக்கு வசதியாக இருந்ததால் வைத்துக்கொண்டேன்.

கவிஞர் சல்மா துவரங்குறிச்சியில் வீட்டாருக்குத் தெரியாமல், வேறு பெயரில், இரவில் கழிவறைக்குள் நின்று எழுதியதைப் பற்றி நான் பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன். ‘கருக்கு’ 1992இல் வந்தபோது ஊரார் கோபத்தால் பாமா சில மாதங்கள் சொந்த ஊரான புதுப்பட்டிக்குள் போக முடியாமல் இருந்ததையும் பேசியிருக்கிறேன். ‘பார்த்தீங்களா, எப்படிப்பட்ட சமூகம்’ என்று குரலை உயர்த்துவேன். அப்படிப் பேசும்போது ஒரு தடவைகூட ஆசிரியர் அறையும் அந்தக் கோடு போட்ட நோட்டும் என் நினைவுக்கு வந்ததில்லை. அந்தச் சமூகம் எங்கோ துவரங்குறிச்சியிலும் புதுப்பட்டியிலும் இருந்தது, ஆண்டிமடத்தில் இல்லை.

கல்லூரி முடித்ததும் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. சில ஆண்டுகளுக்கு முன்பு ஜெயங்கொண்டம் பஸ் நிலையத்தில் பார்த்தேன். கூட இரண்டு பிள்ளைகள். ‘நல்லா இருக்கீங்களா சார்’ என்று அவளாக வந்து பேசினாள். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டேன், வெயிலைப் பற்றிப் பேசினேன், முந்திரி விலையைப் பற்றிப் பேசினேன். இன்னும் எழுதுகிறாயா என்று கேட்க வாய் வரவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

தமிழில் சாகித்ய அகாதெமி விருது பெற்ற பெண்கள் என்று எண்ணினால் 1973இல் ராஜம் கிருஷ்ணன், 1984இல் லக்ஷ்மி, 2005இல் திலகவதி, 2021இல் அம்பை. அவ்வளவுதான். தேர்வுக் குழுவைக் குறை சொல்லிச் சொல்லியே நான் பல திண்ணைக் கூட்டங்களை நடத்தியிருக்கிறேன். அந்தக் கோபம் நியாயமானது, இப்போதும் இருக்கிறது. ஆனால் எழுத வருகிறவளை நோட்டு அளவிலேயே திருப்பி அனுப்ப ஒரு குழு வேண்டியதில்லை, ஒரு தமிழாசிரியர் போதும் என்பதை அந்தக் கூட்டங்களில் நான் சொன்னதில்லை.

இப்போது புத்தகத்தைப் பின்னட்டை பார்க்காமல் திறக்கிறேன். பழக்கம் அவ்வளவு எளிதாகப் போவதில்லை, கை தானாகத் திருப்பப் பார்க்கிறது. எங்கள் திண்ணைக்கு வரும் கல்லூரிப் பெண்கள் கதை கொண்டுவந்தால், இந்த வரிக்கு முன்னால் ஏன் நிறுத்தினாய், அவளை ஏன் பேசவிடவில்லை என்று கேட்கிறேன். யார் கதை என்று யாராவது கேட்டால் பேச்சை நிறுத்திவிடுகிறேன்.

அவள் பெயரையும் ஊரையும் இங்கே சொல்லவில்லை. சொன்னால் அவள் அத்தையை மறுபடியும் தேடுவார்கள். ஆனால் அன்றைக்கு வகுப்பில் நான் சொன்னதை, அந்த வகுப்பில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக, திருத்திச் சொல்கிறேன். அந்தக் கதை எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை. அவள் எழுதியது. அது எனக்கு அன்றைக்கே தெரியும்.